எல்லோரும் என்றால் யார் யார்?

1945 ஆகஸ்ட் 28 அன்று டோக்கியோவில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த ஜப்பானியப் பிரதமர், போர்த் தோல்விக்கு ராணுவம், அதிகாரிகள், மக்கள் அத்தனை பேரும் மனம் வருந்த வேண்டும் என்றார். ‘பத்துக் கோடிப் பேரின் மனவருத்தம்’ என்று அந்தப் பேச்சு வரலாற்றில் பதிந்துவிட்டது. மக்களின் ஒழுக்கம் சரிந்ததும் ஒரு காரணம் என்று அவர் சேர்த்துக்கொண்டார். வீடு எரிந்து, பிள்ளையைப் பறிகொடுத்து, சோற்றுக்கு அலைந்துகொண்டிருந்தவர்களிடம் சொன்ன சொல் இது.

சொன்னவர் இளவரசர் ஹிகாஷிகுனி நருஹிகோ. பேரரசர் மெய்ஜியின் மருமகன். ஜப்பானில் பிரதமரான ஒரே அரச குடும்பத்தவர். 1920இல் படிக்கப் பிரான்சுக்குப் போனவர் ஏழு வருடம் அங்கேயே இருந்துவிட்டார். 1923இல் ஜப்பானை உலுக்கிய நிலநடுக்கத்தில் மகன் ஒருவன் இறந்தபோதும் திரும்பவில்லை. பிறகு ராணுவத்தில் உயர்ந்து 1938இல் சீனப் போரில் ஒரு படைக்குத் தலைமை தாங்கினார். 1941 டிசம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை தாய்நாட்டின் பாதுகாப்புப் படைத் தலைமை அவர் கையில் இருந்தது. 1945 மார்ச்சில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டது அந்தக் காலத்தில்தான். அந்த இரவில் பிழைத்த ஒரு தாயும் அவரும் ஒரே அளவு வருந்த வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குடும்பத்துப் பெரியவர் யாரையும் கேட்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலத்தைத் தொலைத்துவிட்டு, “தப்பு நம்ம எல்லார் மேலயும்தான் இருக்கு” என்று சொல்வதைப் போன்றது இது. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் கையெழுத்துப் போட்ட கை யாருடையது என்ற கேள்வி அதோடு அமுங்கிப் போகும்.

ஹிகாஷிகுனிக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1941 அக்டோபரில் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. பேரரசரின் நெருங்கிய ஆலோசகர் கிதோ கோயிச்சி தடுத்தார்: போர் மூண்டால் பழி அரச குடும்பத்தின் மேல் விழுமே என்று. அந்த நாற்காலி ராணுவ அமைச்சராக இருந்த டோஜோவுக்குப் போனது. நாலு வருடம் கழித்து, தோற்ற ராணுவம் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய நேரத்தில், அதே அரச ரத்தம் தேவைப்பட்டது. லட்சக்கணக்கான வீரர்கள் கலகமின்றி வீடு திரும்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. எந்தப் பழியிலிருந்து குடும்பத்தைக் காக்க அவரை ஒதுக்கி வைத்தார்களோ, அந்தப் பழியை ஊர் முழுக்கப் பங்குபோடும் வேலையும் கடைசியில் அவரிடமே வந்தது.

பங்கு போட்ட விதத்தைப் பாருங்கள். ஜப்பானியர் மட்டும் என்றால் ஏழு கோடிச் சொச்சம்தான். அடிமைப்பட்ட கொரியர்களையும் தைவானியர்களையும் சேர்த்தால்தான் பத்துக் கோடி வரும். ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் செத்துப்போன மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேரையும், சீனக் கிராமங்களையும் நோக்கி அந்த மனவருத்தம் திரும்பவே இல்லை.

இன்னொன்று என்னை அதைவிட வருத்துகிறது. தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்ட் ஒருவருக்கு உதவியதாகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த தத்துவ அறிஞர் மிகி கியோஷி, சிரங்கும் சிறுநீரக நோயும் முற்றி, செப்டம்பர் 26 அன்று சிறையிலேயே இறந்தார். போர் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லோரையும் வருந்தச் சொன்ன அரசு, போரை எதிர்த்தவர்களின் சிறைக் கதவைத் திறக்கவில்லை. அக்டோபர் 4 அன்று அரசியல் கைதிகளை விடுவிக்குமாறு அமெரிக்கத் தலைமையகம் ஆணையிட்டதும் அமைச்சரவை பதவி விலகியது. மொத்தம் 54 நாள் ஆட்சி.

பதவி போனபின் அவர் பேச்சு மாறியது. 1946 தொடக்கத்தில், பேரரசர் ஹிரோஹிட்டோ பட்டத்திலிருந்து விலகுவது நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னார். பொறுப்பு மேலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பேரரசர் விலகவில்லை. 1947இல் அரச அந்தஸ்தை இழந்து சாதாரணக் குடிமகனாகி, கடை வைத்துப் பிழைத்துப் பார்த்த ஹிகாஷிகுனி, 1990இல் 102 வயதில் இறந்தார். 1946இல் சொன்னதை 1945 ஆகஸ்டில், பதவியில் இருந்தபோதே, முதலில் தன் பெயரைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், அந்தப் பத்துக் கோடியில் பலர் மனமார்ந்து அவர் பின்னால் நின்றிருப்பார்கள் என்று நம்புகிறேன்.