தொண்ணூறு நாள்

மோசமான ஆட்சியை அடுத்த தேர்தல் வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? இராணுவம் அதை அகற்றினால் என்ன தவறு? இப்படிக் கேட்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 1999-ல் பிரதமர் நவாஸ் ஷெரீப்பின் ஆட்சியை இராணுவத் தளபதி முஷாரஃப் கவிழ்த்தபோது பாகிஸ்தான் தெருக்களில் இனிப்பு வழங்கியவர்கள் உண்டு. ஜனநாயகம் அவர்களுக்குக் கசக்கவில்லை, ஆட்சிதான் கசந்திருந்தது.

ஆனால் 1977-ஐ அவர்கள் மறந்திருந்தார்கள். அந்த மார்ச் மாதத் தேர்தலில் பிரதமர் பூட்டோவின் அரசு முறைகேடு செய்ததாக எதிர்க்கட்சிகள் வீதிக்கு வந்தன. அது வெறும் புரளியும் அல்ல. ஜூலை 5 அன்று ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஜியா உல் ஹக், 90 நாளில் தேர்தல் என்றார். தேர்தல் நடந்தது 1985-ல், அதுவும் கட்சிகளுக்கு இடமில்லாமல். பதவி ஆசை என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அரசியல் சட்டத்தைக் கவிழ்ப்பது தேசத்துரோகம் என்று 1973-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. நாற்காலியை விட்டு இறங்கினால் வழக்கு காத்திருக்கும். நல்லெண்ணத்தோடு ஏறியவராக இருந்தாலும் இறங்கத் துணியமாட்டார்.

ஆட்சியாவது சீர்பட்டதா? செய்தியாளர்களுக்குச் சவுக்கடி விழுந்த நாட்டில் லஞ்சம் குறைந்ததா கூடியதா என்று யார் எழுதுவது? புகார் வெளிவராத அமைதியை ஒழுங்கு என்று நம்புவது எளிது.

ஜெனரலைவிட நீதிபதிகள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஜியாவுக்கு முன் இராணுவ ஆட்சி நடத்திய யாஹ்யா கான் அதிகாரத்தை அபகரித்தவர் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் தீர்ப்பளித்தது, அவர் பதவி இழந்த பிறகு. ஜியா பதவியில் இருந்த 1977-லோ, நாட்டின் அவசியம் கருதி நடந்த செயல் என்று அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அரசியல் சட்டத்தைத் திருத்தவும் அவருக்கு இடம் கொடுத்தது.

போர்ச்சுகலைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். நியாயம்தான். 1974 ஏப்ரல் 25 அன்று வீரர்கள் அங்கே வீழ்த்தியது சர்வாதிகாரத்தை. சரியாக ஓராண்டில் தேர்தலும் நடந்தது. ஆனால் அங்கே மக்கள் சுதந்திரமாகப் போட்ட வாக்கு எதையும் துப்பாக்கி செல்லாததாக்கவில்லை. வாக்குச் சீட்டால் மாற்ற வழியுள்ள இடத்தில் அந்த உதாரணம் பொருந்தாது.

ஜியாவின் ஆட்சியில், 1979 ஏப்ரல் 4 அன்று பூட்டோ தூக்கிலிடப்பட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது 2024 மார்ச்சில்.