மெழுகு போன பிறகு

1641-இல் வெளியான ‘தியானங்கள்’ நூலில் தத்துவஞானி தெகார்த் ஒரு மெழுகுத் துண்டை நெருப்பருகே கொண்டுபோகிறார். தேன்கூட்டிலிருந்து புதிதாக எடுத்தது. தேன் ருசி, பூ மணம், நிறம், தட்டினால் எழும் ஓசை எல்லாம் சூட்டில் போய்விடுகின்றன. ஆனாலும் அதே மெழுகுதான் என்கிறோம். எதை வைத்துச் சொல்கிறோம்? கண்ணையும் கையையும் நம்பி அல்ல, அறிவால்தான் என்பது அவர் முடிவு. கல்லூரியில் வருஷா வருஷம் இந்தப் பாடத்தை நடத்தினேன். ஆனால் எனக்குக் கும்பகோணம். பக்கத்துச் சுவாமிமலையில் மெழுகு படும் பாட்டைப் பார்த்தவளுக்கு, தெகார்த் பாதியிலேயே நெருப்பை அணைத்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

அங்கே நடராஜர் விக்கிரகம் வார்க்க ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். ஓலையை மடித்து அளவு பிரித்து, கை, கால், முகம் என்று பிடித்து ஒட்டுவார்கள். அதன்மேல் காவிரி வண்டல். நகத்தின் கோடுகூடப் பதியும் அவ்வளவு நைசான மண். பிறகு களிமண், கம்பிக்கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகித் துளை வழியே ஓடிவிடும். அந்த இடத்தில் ஐம்பொன்னை ஊற்றுவார்கள்.

என் மனசு நின்றுபோவது நடுவிலே உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். மெழுகு போய்விட்டது, உலோகம் இன்னும் மூசையில் கொதிக்கிறது. இப்போது நடராஜர் எங்கே? மண்ணுக்குள் வெறும் இடம். ஆனால் தூக்கிய திருவடியின் வளைவும் உடுக்கை பிடித்த விரலும் துளி குறையாத இடம். ஸ்தபதியின் மனசில் இருக்கிறார் என்று தெகார்த் வழியில் பதில் சொல்லலாம். எனக்கு அது போதாது. தியான சுலோகம் தரும் பொது வடிவம்தான் மனசில் இருப்பது. மண்ணுக்குள் இருப்பதோ இந்த ஒருவர். வார்ப்பு கெட்டுப்போனால் ஸ்தபதி வேறொருவரைச் செய்யலாம், இவரை மீட்க முடியாது.

அருவம், உருவம், அருவுருவம் என்று சைவ சித்தாந்தம் இறைவனுக்கு மூன்று நிலை சொல்கிறது. மூன்றாவதற்கு லிங்கத்தைக் காட்டுவார்கள். படித்தபோது அது எனக்கு வாய்ப்பாடுபோலத்தான் இருந்தது. சுட்ட மண்ணின் உள்வெளியை நினைத்த பிறகே பிடிபட்டது. சிதம்பரத்தில் நடராஜருக்குப் பக்கத்திலேயே திரையை விலக்கி, வில்வமாலை தொங்கும் வெளியைக் காட்டுவதும் அப்புறம்தான் புரிந்தது.

விக்கிரகத்தைக் கும்பிடுவது உலோகத்தைக் கும்பிடுவது என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். மெழுகை நிறுத்துப் பார்த்துத்தான் உலோகத்தைக் கணக்கிடுகிறார்கள்; மெழுகைப்போல எட்டு மடங்குக்கும் மேலே கனம். அத்தனையும் வந்து இறங்குவது, அதற்கு முன்பே அங்கே இருந்த ஓர் உருவத்துக்குள்.