புள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள்

மதுரைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆய்வகத்தைக் கவனித்துவந்தவருக்குப் பணி நிறைவு விழா. பாட்டிலில் ஊறும் பாம்பையும் நட்டுவாக்காலியையும் பெற்ற பிள்ளைகளாகப் பார்த்துக்கொண்டாராம். மேடையில் ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். பக்கத்தில் இருந்த அவர் மனைவி என் பக்கம் திரும்பி, “புள்ளைகள நான் பாத்துக்கிட்டேண்ணே” என்றார்.

குறையா, பெருமையா? சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

எட்வர்ட் பிளைத் பற்றி எப்போதோ படித்தது அன்றிரவு நினைவுக்கு வந்தது. லண்டன் பக்கம் டூட்டிங்கில் மருந்துக்கடை வைத்திருந்தவர். கவனமெல்லாம் பறவைகள் மேல் போனதில் கடை நொடித்தது. கற்ற விலங்கியல் முழுக்கத் தானாகக் கற்றது. 1841இல் கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் காப்பாளரானார். ஆண்டுக்கு 300 பவுண்டு. இருபது வருடமும் அதே சம்பளம். டார்வினே கடிதம் எழுதிச் சந்தேகம் கேட்டார். 1859இல் வந்த நூலில் பெயர் சொல்லி மதித்தார். 1854இல் பிளைத்துக்குத் திருமணம். 1857இல் மனைவி இறந்துபோனார். நான் படித்ததில் அந்த அம்மாவுக்கு இரண்டு வரிக்கு மேல் இல்லை. அவரிடம் யாராவது கேட்டிருந்தால் எந்தத் தொனியில் பதில் சொல்லியிருப்பார்?

மேலூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க்கரைப் புதரில், பனிக்காலத்தில், நாக்கைச் சொடுக்குவதுபோல ‘டக், டக்’ என்று சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று பின்னால்தான் தெரிந்தது. சிட்டுக்குருவியைவிடச் சிறிய பழுப்புக் குருவி, ரஷ்யா, மத்திய ஆசியா பக்கமிருந்து வருவது. 1849இல் அதை விவரித்துப் பெயரிட்டவர் பிளைத்.

அந்தச் சத்தத்துக்கு நின்று காது கொடுக்க அப்பத்தாவுக்கு ஏது நேரம்? தாத்தா ஆர்மோனியத்தோடு வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஊர் ஊராகப் போய்விடுவார். நாற்று, களை, மாடு, பிள்ளைகள் எல்லாம் அப்பத்தா தலையில். குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதை வைத்து அவருக்குக் குறையே இல்லை என்று நாங்களாக முடிவுகட்டிக்கொண்டோம்.

பிளைத் வேறு நல்ல வேலை பார்த்துப் போயிருந்தால் அந்தக் குருவிக்கு இன்னொருவர் பெயர் வைத்திருப்பார், குருவிக்கு நஷ்டமில்லை. டார்வினுக்குக் கொஞ்சம் நஷ்டம். கணக்கு இப்படிப் போகிறது, ஆனால் எங்கேயும் முடியவில்லை. இப்படிப்பட்ட பித்தர்கள் உலகத்துக்கு வேண்டும் என்று எந்த மேடையிலும் பேசுவேன். என் மகளுக்கு அப்படி ஒருவரை மாப்பிள்ளையாகப் பார்ப்பேனா என்றால் பதில் வரமாட்டேன் என்கிறது.