யாருடைய படகில் இருந்து வரைந்தாய்?

1666 ஜூன் மாதம் ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் நான்கு நாள்கள் விடாமல் கடற்போர் நடந்தது. இரண்டு பக்கமும் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்த அந்தக் கடலில், சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஒரு சின்னப் பாய்மரப் படகு சுற்றிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அதில் உட்கார்ந்து தாளில் வரைந்துகொண்டிருந்தார். பெயர் வில்லெம் வான் டெ வெல்டெ. அவர் அப்படிப் போனது அது முதல் தடவை அல்ல. 1653இல் ஸ்கெவனிங்கன் போருக்கும் 1658இல் டென்மார்க் பக்கம் நடந்த போருக்கும் டச்சுக் கப்பற்படையோடு போய் வரைந்தவர். தன் படங்கள் சிலவற்றில் அந்தப் படகையும், அதில் வரைந்துகொண்டிருக்கும் தன்னையுமே ஒரு மூலையில் போட்டிருக்கிறார்.

இவருக்கு அதே பெயரில் ஒரு மகன். கடல் ஓவியம் என்றால் உலகம் இன்றும் முதலில் சொல்லும் பெயர்களில் மகனின் பெயர் ஒன்று. தந்தை பேனாவால் கப்பலின் ஒவ்வொரு கயிற்றையும் பலகையையும் பிடித்தவர். மகன் அதற்கு மேகமும் காற்றும் கொடுத்தவர். டர்னர் தன்னை ஓவியனாக்கியதே மகனின் படத்திலிருந்து எடுத்த ஓர் அச்சுப்படம்தான் என்று பிற்காலத்தில் சொன்னதாக ஒரு கதை உண்டு. குழப்பம் வராமலிருக்க நான் பெரியவர், சின்னவர் என்றே சொல்கிறேன்.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் ஓவியங்களைப் பெரிய அளவில் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. நான் நேரில் போனதில்லை, போகிற வசதியும் இப்போதைக்கு இல்லை. ஆனால் அங்கிருக்கும் சின்னவரின் ஓர் ஓவியத்தைத் திரையில் எத்தனை இரவு பெரிதாக்கிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அதே நான்கு நாள் போரில் ஆங்கிலேயரின் மாபெரும் கப்பல் 'ராயல் பிரின்ஸ்' மணல்திட்டில் ஏறிச் சிக்கிக்கொள்கிறது. சரணடைகிறது. சுற்றிலும் டச்சுக் கப்பல்கள். இன்னோர் ஓவியத்தில் பிடிபட்ட ஆங்கிலக் கப்பல்களை டச்சுக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். வெளிச்சம் அமைதியாக இருக்கிறது. ஜெயித்தவன் கண்ணுக்கு மட்டுமே கடல் அவ்வளவு அமைதியாக இருக்கும்.

ஆறே வருடம். 1672இல் இங்கிலாந்து, பிரான்ஸ், இரண்டு ஜெர்மன் சிற்றரசுகள் எல்லாம் ஒரே நேரத்தில் டச்சுக் குடியரசின் மேல் பாய்ந்தன. டச்சுக்காரர்கள் அந்த வருடத்தைப் பேரழிவு ஆண்டு என்றே அழைக்கிறார்கள். ஆகஸ்டில் நாட்டை நடத்திய டி விட் சகோதரர்களை ஹேக் நகரத்துக் கூட்டம் தெருவிலேயே கொன்றது. ஓவியம் வாங்க யார் இருப்பார்கள்? இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், டச்சுக்காரர்கள் விரும்பினால் இங்கே வந்து குடியேறலாம் என்று அறிவித்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அப்பாவும் மகனும் கடல் தாண்டினார்கள். போர் முடியவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். தங்கள் நாட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மன்னரிடம் போனார்கள்.

1673 ஜூனில் பெரியவர் மறுபடியும் படகில். இந்தத் தடவை ஆங்கிலப் படை பக்கம். எதிரே நின்றது முன்பு அவரைக் கூட்டிப்போய் வரைய வைத்த அதே டெ ரூய்ட்டரின் கப்பற்படை. 1674இல் மன்னர் இருவருக்கும் வருடத்துக்கு நூறு நூறு பவுண்டு சம்பளம் போட்டார். கடற்போர்களை வரைய அப்பாவுக்கு, அந்த வரைபடங்களுக்கு வண்ணம் கொடுக்க மகனுக்கு. கிரீனிச்சில் அரசியின் மாளிகையில் வேலை செய்ய இடமும் கிடைத்தது.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் சிவில் எஞ்சினியர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு கரையோரக் கிராமத்துக்கு இரண்டு மாதம் போய்வந்தேன். அங்கே ஒரு பாக் சிக் தன் சம்பானில் என்னை ஏற்றிக்கொண்டார். கருவி வாங்கப் பல்கலையில் காசில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிறும் என் கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸும்தான். எங்கே சேறு, எங்கே மணல், தண்ணி வத்தும்போது எந்த வாய்க்கால் வழியாகப் படகு வெளியே போகும், எந்த மாதம் எங்கே இறால் வரும் எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துக்கொண்டேன். எண்ணெய்க் காசுகூட வாங்கவில்லை. "நீ படிச்சு பெரிய ஆளானா எங்களுக்காகப் பேசு" என்று மலாய்மொழியில் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

மூன்று வருடம் கழித்து நான் வேலை செய்த நிறுவனத்துக்கு ஒரு பணி வந்தது. அந்தக் கரையைத்தான் நிரப்பி நிலமாக்கப் போகிறார்கள். "உனக்கு இடம் தெரியும்தானே?" என்றார் மேலாளர். நோட்டை எடுத்துப்போனேன். என் அளவுகள் முதல்கட்ட வரைபடத்தில் அப்படியே ஏறின. ஒன்றுகூடப் பொய் இல்லை. வருடக் கடைசியில் சம்பளம் நானூறு வெள்ளி கூடியது.

வீட்டில் சொன்னபோது அம்மா சந்தோஷப்படவில்லை. "அந்த மனுஷன் உன்னை நம்பித்தானே கூட்டிப்போனாரு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

என் பக்கம் ஒரு வாதம் இருந்தது. எஞ்சினியர்கள் எல்லாரிடமும் இருக்கும் வாதம்: அளவுக்குக் கட்சி கிடையாது. 3.2 மீட்டர் ஆழம் என்றால் மீனவனுக்கும் அதுதான், முதலாளிக்கும் அதுதான். வான் டெ வெல்டெக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு துணை கிடைத்தது என்றே நினைத்தேன். அவர்களும் கப்பலைக் கப்பலாக வரைந்தவர்கள்தானே. டச்சுக் கப்பலாக இருந்தாலும் ஆங்கிலக் கப்பலாக இருந்தாலும் கயிறுகளின் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

ஆனால் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்பதில்லை. கயிறு சரிதான், பாய்மரம் சரிதான். முன்னால் இருப்பது யார், மூழ்குவது யார், வெயில் யார் மேல் விழுகிறது என்பதையெல்லாம் வாங்குபவர் முடிவு செய்திருக்கிறார். லண்டனில் இருந்துகொண்டே சின்னவர் 1687இல் டெக்சல் போரை வரைந்தார். அதில் நடுவே நிற்பது டச்சுத் தளபதி ட்ரொம்பின் கப்பல். அவ்வளவுதான் விஷயம்.

அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் எனக்கு மனம் வரவில்லை. நாட்டுக்கு விசுவாசம் என்று சொல்வது எளிது. தன் தலைவர்களையே தெருவில் கொன்ற நாட்டுக்கு ஓர் ஓவியன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான்? வேலை தேடிக் கடல் தாண்டியவர்களின் பேரன் நான். தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் நண்பர்கள் எனக்கு நிறைய. அவர்களை யாரும் துரோகி என்று சொல்லிவிட முடியாது. கைத்திறன் ஒருவனுடைய சொந்தச் சொத்து. அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. 1672இல் சோல்பே என்ற இடத்தில் நடந்த போரைப் பெரியவர் டச்சுப் படையோடு போய்ப் பார்த்தவர். இங்கிலாந்து போனபின் அதே போரைக் காட்டும் பெரிய திரைச்சீலைகளுக்கு ஆங்கில மன்னருக்காக வடிவம் வரைந்து கொடுத்தார். கை அவருடையது. ஆனால் அந்தக் காட்சி? டச்சு மாலுமிகள் நம்பி இடம் கொடுத்ததால் கிடைத்தது அது. ஒருவர் தன் படகில் ஏற்றிக்கொண்டு காட்டியதை இன்னொருவருக்கு விற்கலாமா? விற்கலாம் என்றால், யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

இதையும் நான் பெரியவரின் மேல் முழுதாகச் சுமத்த மாட்டேன். காரணம், திரைச்சீலையால் யாரும் சாகவில்லை. போர் முடிந்துவிட்டது, செத்தவர்கள் செத்துவிட்டார்கள். அவர் வரைந்தது நடந்ததை. நான் வரைந்தது நடக்கப்போவதை. என் தாளில் அந்த வாய்க்காலின் மேல் சாம்பல் நிறத்தில் கோடு போட்டிருக்கிறது. நிரப்பும் பகுதி என்று அர்த்தம். அந்த வாய்க்கால் வழியாகத்தான் பாக் சிக் தினமும் கடலுக்குப் போகிறார். இதை யோசித்த நாளிலிருந்து, இரண்டு வில்லெம்களையும் என் வக்கீலாக வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

பெரியவர் என்னைவிட ஒரு விஷயத்தில் நேர்மையானவர் என்றும் தோன்றுகிறது. மூலையில் தன் படகைப் போட்டார். இதை நான் இங்கிருந்து பார்த்தேன், இவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன் என்று படத்துக்குள்ளேயே சொல்லிவிட்டார். எங்கள் வரைபடங்களிலும் கீழே வலதுமூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி. என் பெயரின் முதலெழுத்துகள் அங்கே இருக்கின்றன. யாருடைய சம்பானிலிருந்து அளந்தேன் என்பது எங்கேயும் இல்லை.

போன மாதம் வரைபடத்தில் திருத்தம் செய்யும் வேலை என் மேசைக்கு வந்தது. குறிப்புகள் பகுதியில் இரண்டு வரி சேர்த்தேன்: இந்த ஆழங்கள் உள்ளூர் மீனவர் ஒருவரின் படகிலிருந்து எடுக்கப்பட்டவை; சாம்பல் கோடு போட்ட வாய்க்கால் தற்போது படகுப் போக்குவரத்தில் உள்ளது. மேலாளர் கூப்பிட்டு, "இது தேவையா?" என்று கேட்டார். அளவின் மூலத்தைக் குறிப்பிடுவது முறைதானே என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. முதல் வரி இருக்கட்டும், இரண்டாவதை எடு என்றார். எடுத்தேன். வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை அடுத்த திருத்தத்தில் திரும்பவும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதில் பாதி எழுத்து உப்புத்தண்ணி பட்டு அழிந்திருக்கிறது.