சீர்செய்யும் சுமை யாருக்கு?

ஒரு தலைமுறை நல்லெண்ணத்தோடு செய்த காரியம் பின்வந்தோருக்குக் கேடாக முடிந்தால், அதைச் சீர்செய்யும் சுமையை யார் தலையில் ஏற்றுவது? அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக் கழிமுகத்தில் எழுந்திருப்பது இக்கேள்வியே.

ஆறு கரைபுரண்டு வண்டலைப் பரப்பியதனாலேயே லூசியானா மாநிலத்தின் தென்கரை உருவாயிற்று. 1927ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் பின், உயிர்களைக் காக்கவென்றே ஆற்றின் இருமருங்கும் அணைகள் உயர்த்தப்பட்டன. வெள்ளம் நின்றது, வண்டலும் நின்றது. சதுப்புநிலம் அமிழ்வது மட்டும் நிற்கவில்லை. எண்ணெய்க் கம்பனிகள் வெட்டிய கால்வாய்களால் உப்புநீரும் உட்புகுந்தது. 1932 முதல் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீற்றர் நிலம் கடலாகிவிட்டது.

ஆற்றுக்கு வழிவிட்டால் அது மீண்டும் நிலம் கட்டும். வெள்ளத்தை வடிக்க 1940களின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட வாக்ஸ் லேக் வாய்க்காலின் முகத்தில், 1973ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின் புதுநிலம் தலைகாட்டி வளரலாயிற்று. யாரும் திட்டமிடாத அந்த நிலமே ஆய்வாளருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

நியூ ஓர்லியன்சுக்குத் தெற்கே அணையில் வாயில் அமைத்து, பராத்தாரியாக் குடாவுக்குள் வண்டலோடு ஆற்றுநீரை விட ஏறத்தாழ 300 கோடி டொலரில் திட்டமொன்று வகுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளில் சுமார் 21 சதுர மைல் நிலம் கிடைக்கும் எனக் கணித்தனர். ஆனால் நன்னீர் பெருகினால் சிப்பிப் படுகைகள் அழியும், இறால் குறையும், ஓங்கில்கள் மடியும் என்பதையும் ஆய்வறிக்கை மறைக்கவில்லை. அந்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும்.

அணை கட்டியதும் கால்வாய் வெட்டியதும் சிப்பி எடுப்பவரல்லர். நட்டஈட்டுக்கெனப் பணம் ஒதுக்கப்பட்டது உண்மை. தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுத்த தொழிலுக்கு அது ஈடாகுமா? பொதுநன்மை என்று சொல்லிச் சிலரின் பிழைப்பை எடுப்பது, அச்சிலரில் நாம் இல்லாதபோது மிக எளிது.

2023இல் தொடங்கிய வேலையை, செலவையும் மீன்பிடிக்கு வரும் கேட்டையும் காட்டி, மாநில அரசு 2025 யூலையில் கைவிட்டது. இதை நீதி என்று என்னால் சொல்லமுடியவில்லை. நிலம் அமிழ்ந்துகொண்டேயிருக்கிறது, நாளை சிப்பிக்காரரின் வீட்டு வாசலுக்கும் அதே கடல்தான் வரும். வாயிலைத் திறந்தேயிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் அதன் விலையை, இத்தனை காலம் அணையின் நிழலில் உலர்ந்த நிலத்தில் வாழ்ந்த நகரத்தாரும் எண்ணெயால் செல்வம் சேர்த்தவர்களும் முதலில் கொடுத்திருக்க வேண்டும்.