கரையில் ஒரு நாள்

1893-ஆம் ஆண்டு மே 31 அன்று பம்பாயில் 'பெனின்சுலர்' கப்பலேறி சுவாமி விவேகானந்தர் அமெரிக்கப் பயணத்தைத் தொடங்கினார். கப்பல் கொழும்பை அடைந்து ஒரு பகல் முழுவதும் அங்கே தங்கியது. சுவாமிஜி கரையிறங்கி, வண்டியில் நகரைச் சுற்றிப் பார்த்தார்.

பழம்பெரும் துறைமுகமாகிய அந்நகரில் காண்பதற்கு எத்தனையோ இருந்தன. ஆயினும் ஜூலை 10 அன்று யோகோஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், தம் நினைவில் நின்றதாக அவர் குறிப்பிடுவது ஒன்றையே: நிர்வாணம் எய்தும் கோலத்தில் சயனித்திருக்கும் புத்தபிரானின் மாபெரும் திருவுருவம். கோயில் குருமார்களுடன் உரையாட முயன்றார். அவர்கள் சிங்களம் மட்டுமே அறிந்திருந்ததால் அது கைகூடவில்லை. கண்டிக்குச் செல்லவும் நேரமில்லை. எனினும் அந்தத் தரிசனம் அவருடன் கடல் கடந்து சென்றது. கண்கள் பலவற்றைக் காண்கின்றன; மனமோ தான் நாடுவதையே இருத்திக்கொள்கிறது.

இன்று திருப்பதி யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர் காணிப்பாக்கத்திலும் சிறிது நேரம் இறங்குகின்றனர். கிணற்றில் சுயம்புவாக எழுந்தருளிய விநாயகரின் திருமுன் பொய்ச்சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர் என்பது அத்தலத்தின் பெருமை. பிரசாதத்துடன் பேருந்தில் ஏறுபவரிடம், 'இனிப் பொய் சொல்வதில்லை' என்ற உறுதியும் உடன் ஏறுகிறதா? ஏறுமாயின், அரை மணி நேரத் தரிசனமும் வாழ்நாளுக்குப் போதுமானது.