வணிகருக்கு எழுதிய துறவி

ஒருவரிடம் சரக்கு விற்பதற்கென்றே அவருடைய மொழியைப் படிப்பது சரியா? ஸ்பானிஷ் மொழியையும் பன்னாட்டு வணிகத்தையும் ஒரே பட்டப்படிப்பாகத் தரும் அமெரிக்கக் கல்லூரிகள் இந்தக் கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

இந்தக் கூட்டுப் படிப்பு இன்று நேற்று வந்ததல்ல. போர்க்காலத்தில் விமானிகளைப் பழக்கிய அரிசோனா திடல் ஒன்றில் 1946இல் தண்டர்பேர்ட் வணிகப் பள்ளி தொடங்கியது. மொழி, அயல்நாட்டு அறிவு, வணிகம் மூன்றும் அங்கே ஒரே படிப்பின் அங்கங்களாக இருந்தன. 1988இல் நிறைவேறிய வர்த்தகச் சட்டம், பல்கலைக்கழகங்களில் பன்னாட்டு வணிகக் கல்வி மையங்கள் அமைய வழி செய்தது. அமெரிக்காவின் போட்டித்திறனைக் கூட்டுவதே நோக்கம்.

பிழைப்புக்காக மொழி கற்பதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால் ஸ்பானிஷில் வணிகரைப் பயிற்றுவிக்க எழுந்த பழைய நூல்களில் ஒன்று, லாபத்தை விடப் பெரிய ஒன்றைக் கருதி எழுதப்பட்டது.

16ஆம் நூற்றாண்டின் செவில்லா, அமெரிக்கக் கண்டத்து வெள்ளி வந்து குவிந்த ஊர். தனிச் சந்தைக் கட்டடம் எழும்பும் வரை, வணிகர்கள் பேராலயத்தைச் சுற்றியுள்ள படிக்கட்டுகளில் நின்றே பேரம் பேசினார்கள். கடனுக்கு விற்றால் விலையைக் கூட்டலாமா, வெளியூர் உண்டியலில் எவ்வளவு லாபம் வைக்கலாம் என்பதெல்லாம் அங்கே மனசாட்சியின் கேள்விகளும்கூட. இறையியலாளர்கள் இவற்றை லத்தீனில் அலசிக்கொண்டிருந்தார்கள். மெக்சிகோவில் வாழ்ந்து திரும்பிய டொமினிக்கன் துறவி தோமாஸ் தெ மெர்காதோ, 1569இல் வெளியான தம் நூலை ஸ்பானிஷிலேயே எழுதினார். வணிகரே படித்துத் தெளிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

விலை, வட்டி, நாணய மாற்று எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் நெஞ்சை உலுக்குவது, கேப் வெர்டேயிலிருந்து ஆப்பிரிக்கரை அடிமைகளாக ஏற்றிச்செல்லும் வாணிபம் பற்றிய பகுதிதான். ஒரே கப்பலில் 500 பேரை அடைத்ததில், ஓர் இரவுக்குள் 120 பேர் மாண்டதை அவர் எழுதிவைத்திருக்கிறார். பிடித்து விற்கும் முறையிலேயே வஞ்சகமும் வன்முறையும் மண்டிக்கிடப்பதால், அதில் இறங்குவது சாவான பாவம் என்று தீர்ப்புச் சொல்கிறார். அதுவும் யாரிடம்? அந்தத் தொழிலில் பணம் போட்ட ஊரின் வணிகரிடம், அவர்கள் கணக்கு எழுதிய அதே மொழியில். வாங்குகிறவரை வசப்படுத்த மட்டுமல்ல, தம் மீதான குற்றச்சாட்டைக் காதுகொடுத்துக் கேட்கவும் வணிகருக்கு மொழி தேவை. கல்லூரி வகுப்பில் இந்த இரண்டாவது பயன்தான் முதலில் நிற்க வேண்டும்.

பொலிவியாவின் கோச்சபாம்பா அதற்கு நல்ல பாடம். 1999இல் அந்நகரின் குடிநீர் விநியோகம், அமெரிக்காவின் பெக்டெல் பங்கு வகித்த ஒரு கூட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. கட்டணம் எகிறியது. மறு ஆண்டு ஏப்ரலில் போராட்டம் முற்றி, 17 வயதுப் பையன் ஒருவன் குண்டடிபட்டு இறந்தான், ஒப்பந்தம் ரத்தானது. ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கப் பழகும் மாணவர், அந்நகர மக்களின் வாக்குமூலங்களையும் படித்து, நிறுவனத்தின் சார்பில் ஸ்பானிஷில் பதில் எழுதிப் பார்க்கட்டும். எந்த வாக்கியத்தில் பேனா தயங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

அங்கும் ஸ்பானிஷ் மட்டும் போதாது. சுற்றுவட்டார உழவர்கள் பலருக்குத் தாய்மொழி கெச்சுவா. பாசன நீரில் அவர்களுக்கிருந்த வழக்காற்று உரிமை, போராட்டத்துக்குப் பிறகு திருத்திய சட்டத்தில்தான் இடம்பெற்றது.